புதுக்கோட்டையைச் சுற்றி: நடையும் சைக்கிளும்

புதுக்கோட்டைக்குக் காரில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் நாலைந்து இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, ஓர் அருங்காட்சியகம், வழியில் ஒரு சாப்பாடு. இடங்களைப் பார்த்தாகிவிடும். அவற்றுக்கு நடுவே கிடக்கிற ஊர் மட்டும் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போயிருக்கும்.

இந்த மாவட்டத்தின் தொன்மைச் சின்னங்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. ஒவ்வொரு கரட்டுக்கும் ஒரு குடைவரை, ஒவ்வொரு ஏந்தல் கரைக்கும் ஓர் ஐயனார் எனச் சிதறிக் கிடக்கின்றன. முக்கியமானவற்றில் பெரும்பகுதி நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். நிலம் தட்டை. மலை என்று சொல்லப்படுபவையும் சமவெளியில் திடுமென்று எழுந்து நிற்கும் கருங்கல் பாறைகளே தவிர, சாலை ஏறி இறங்கும் மலைகள் அல்ல. விடியலில் புறப்பட்டு மதிய வெயிலுக்குள் திரும்பிவிடக்கூடிய தூரங்கள் இவை. சைக்கிளுக்கென்றே அளந்து வைத்ததுபோல அமைந்த மாவட்டம்.

சைக்கிளோடு புதுக்கோட்டைக்கு இன்னோர் உறவும் உண்டு. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். வயல்வேலைக்குப் போகிறவர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஊர் ஊராக ஓட்டப் பழகினார்கள். 1992 உலக மகளிர் நாளில் 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி நகருக்குள் ஊர்வலம் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அந்த அலையில் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியையே எடுத்தார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது. குடத்துத் தண்ணீரும் விளைபொருளும் கேரியரில் ஏறின. இந்த அத்தியாயம் சொல்லும் கிராமச் சாலைகளெல்லாம் அவர்கள் ஓட்டிய சாலைகள். பெண்கள் தனியாகவோ குழுவாகவோ சைக்கிளில் போவதை இந்த ஊர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துப் பழகியவை.

புறப்படும் முன்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள வாரங்களே உகந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குளங்களில் தண்ணீர் நிற்கும். காலை ஒன்பது வரை காற்று குளிர்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். பாறை அதைவிட மோசமாகச் சுடும். கோடையில் வந்தே ஆக வேண்டுமென்றால் ஆறு மணிக்குள் சாலையில் இருக்க வேண்டும், பத்து மணிக்குள் நிழலில் இருக்க வேண்டும்.

வாடகை சைக்கிள் கடைகள் எல்லா ஊரையும்போல இங்கும் அருகிவிட்டன. சொந்த வண்டியோடு வருவதே நிச்சயம். ரயிலில் கொண்டுவருபவர்கள் புறப்படும் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், எல்லா ரயிலிலும் ஏற்றமாட்டார்கள். கியர் வண்டி கட்டாயமில்லை. அரசு 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியிலேயே இந்தத் தடங்களை முடிக்கலாம். சக்கரக் காற்றும் பிரேக்கும் சரியாக இருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது முள். சாலையோரம் நெடுக சீமைக்கருவேலம். ஆடுமாடு மேய்ந்துபோன இடத்திலும், விறகு வெட்டிய இடத்திலும் உதிர்ந்த முள் தார்ச்சாலை வரை வந்து கிடக்கும். அது டயரில் ஏறி, மேலே ஒடிந்து, நுனி மட்டும் உள்ளே நின்றுவிடும். டியூபை மாற்றியும் அரைமணி நேரத்தில் மறுபடி காற்று இறங்கினால் காரணம் அந்த நுனிதான். எனவே டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும். குத்தும் இடத்தில் நிறுத்தி, குறடாலோ நகவெட்டியாலோ நுனியைப் பிடுங்கிவிட்டுத்தான் டியூபைப் போட வேண்டும். ஒரு மாற்று டியூப், கைப்பம்பு, டயர் நெம்பி, சிறிய குறடு ஆகியவை பையில் இருக்கட்டும். பஞ்சர் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இல்லை.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். பாறை ஏறும் தடங்களுக்கு மூன்று. தொப்பி, ஒரு துண்டு, நல்ல பிடிமானமுள்ள செருப்பு. கோயில்களுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டியிருப்பதால் ஷூவைவிடச் செருப்பே வசதி.

நகருக்குள் ஒரு காலை: நடை

புதுக்கோட்டை நகரம் நடப்பவர்களுக்கு எளிது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீக்கு இரையான ஊரை, பழைய அரண்மனையை நடுவில் வைத்து நேர்நேரான வீதிகளாகத் திரும்பக் கட்டினார்கள். அரண்மனையைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள். அவற்றுக்கு வெளியே கீழ இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண் ஏறிக்கொண்டே போகும். வடக்கு, தெற்கு, மேற்கிலும் இதே கணக்குதான். வீதிப் பலகையைப் பார்த்தாலே எந்தத் திசையில், நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். வழி கேட்கும்போதும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

1878-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகப் பொறுப்பேற்ற திவான் அ. சேஷையா சாஸ்திரி 1894 வரை இருந்தார். பொது அலுவலகக் கட்டடங்களை எழுப்பியதும், தூர்ந்து கிடந்த புதுக்குளத்தையும் பல்லவன் குளத்தையும் சீரமைத்ததும் அவர் காலத்தில்தான். நடையைப் பல்லவன் குளத்தில் தொடங்கலாம். பக்கத்திலேயே சாந்தநாத சுவாமி கோயில். அங்கிருந்து ராஜ வீதிகளை ஒரு சுற்று வந்தால், கடைகள் திறக்கும் முன்பு, பெயர்ப்பலகைகளுக்கு மேலே எஞ்சியிருக்கும் பழைய மாடங்களையும் ஓட்டுச் சாய்ப்புகளையும் நிதானமாகப் பார்க்கலாம். எட்டு மணிக்கு மேல் அந்த இடமெல்லாம் டூவீலர்களுக்குப் போய்விடும்.

அடுத்து மன்னர் கல்லூரி. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது இந்த ஊரில், 1886-இல். ஆண்கள் மட்டுமே படித்த இந்தக் கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்தவர் அவர். பிறகு புதிய அரண்மனை. கருங்கல்லில் கட்டி 1930 வாக்கில் முடிந்த இந்த மாளிகைதான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை 1948 மார்ச் 3-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைத்தார். 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. மாளிகையை வெளியிலிருந்து பார்க்கத் தடையில்லை. மனுக் கொடுக்க வருகிறவர்கள் கூடும் வேலை நாள் காலையைத் தவிர்ப்பது நல்லது. புதுக்குளக் கரையில் காலை நடைக்காரர்களோடு சேர்ந்து ஒரு சுற்று வந்து முடித்துக்கொள்ளலாம். மொத்தம் இரண்டரை மணி நேரம் போதும்.

இரவில் நகரில் தங்குகிறவர்கள் முட்டை மாஸ் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டைக்காரர்கள் வெளியூரில் இருந்தாலும் மறக்காத பண்டம் அது.

திருக்கோகர்ணம்: எளிய முதல் மிதி

திருச்சி சாலையில் வடக்கே மூன்று நான்கு கிலோமீட்டர். புதிதாக ஓட்டுபவர்களுக்கும் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் ஏற்ற தடம். சாலையில் நெரிசல் உண்டு. ஏழு மணிக்கு முன் போய்விடுவது உசிதம்.

பாறையைக் குடைந்த கோகர்ணேஸ்வரர் கருவறையைச் சுற்றி, பல காலங்களில் வளர்ந்த மண்டபங்கள் சேர்ந்து ஒரு கோயிலாகியிருக்கின்றன. இங்குள்ள பிரகதாம்பாள் தொண்டைமான்களின் குலதெய்வம். சமஸ்தானம் அடித்த சின்னஞ்சிறு செப்புக்காசில் ஒரு பக்கம் இந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரிக்கு அரிசியோடு அந்த அம்மன் காசையும் வழங்குவது வழக்கமாக இருந்தது. அதனாலேயே மக்கள் வாயில் அவள் அரைக்காசு அம்மன். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டுமென்று வெல்லம் வைத்து வேண்டிக்கொள்கிறவர்களை இங்கே எந்த நாளும் பார்க்கலாம்.

அருகிலேயே அரசு அருங்காட்சியகம். அதை 1910-இல் சமஸ்தானம் தொடங்கியது. சிற்பம், செப்புத்திருமேனி, காசு, ஆயுதம், பாறை வகைகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. வெளித் தடங்களுக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிட்டால் பிறகு பார்ப்பவை நன்றாகப் பிடிபடும். வெள்ளிக்கிழமை விடுமுறை. தமிழ் நூல்களில் ஈடுபாடுள்ளவர்கள் இதே பகுதியில் உள்ள ஞானாலயா ஆய்வு நூலகத்துக்கு முன்னதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். லட்சம் நூல்களுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும் தனியார் நூலகம் அது.

கிழக்கே: பொற்பனைக்கோட்டையும் திருவரங்குளமும்

சுமார் இருபது கிலோமீட்டர், போய்த் திரும்ப. ஆலங்குடி சாலையில் கிழக்கே போனால் ஆறேழு கிலோமீட்டரில் பொற்பனைக்கோட்டைக்குத் திரும்பும் கிளைச்சாலை வரும். வேப்பங்குடி ஊராட்சியில் உள்ள இந்தச் சிற்றூரைச் சுற்றி, வட்டமான மண்மேட்டு அரணும் அகழியின் தடமும் இன்றும் தெரிகின்றன. சங்க காலக் கோட்டை. தமிழி எழுத்துள்ள நடுகல் ஒன்று இந்தப் பகுதியில் கிடைத்தது. 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வு செய்தன. செங்கல் கட்டுமானம், மணிகள், எலும்பாலான கூர்முனைக் கருவி, சிறு தங்க அணி ஆகியவை வெளிவந்தன.

மேட்டின் மேல் வண்டியை உருட்டிக்கொண்டு நடப்பதுதான் இங்கே பார்க்கும் முறை. உயரத்திலிருந்து உள்ளே பார்த்தால் வயலும் வீடும், வெளியே பார்த்தால் தாழ்ந்த அகழி. எவ்வளவு பெரிய ஊரை இந்த அரண் காத்திருக்கும் என்பது கால் நோகும்போது விளங்கும். கிடைக்கும் பானை ஓட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. அது கிடக்கும் இடமும் ஆழமும் சேர்ந்துதான் வரலாறு.

பிரதான சாலைக்கு வந்து சற்றே கிழக்கே போனால் திருவரங்குளம், பழைய சிவன்கோயில். 1738-இல் இங்கிருந்த காட்டில் விஜயரகுநாதத் தொண்டைமான் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்பதும், மௌனியாக இருந்த அவர் மணலில் உபதேசம் எழுதினார் என்பதும், அந்த மணலை மன்னர் எடுத்துப்போய் அரண்மனையில் வைத்துப் பூசித்தார் என்பதும் சமஸ்தான மரபு. பலாப்பழக் காலத்தில் வந்தால் ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பழம் சாலையோரத்திலேயே கிடைக்கும்.

வடமேற்கே: சித்தன்னவாசல், குடுமியான்மலை

இந்த நூலில் ஒரே ஒரு தடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். சுற்று சுமார் ஐம்பது கிலோமீட்டர். அன்னவாசல் சாலையில் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல், அடுத்து அன்னவாசல், அங்கிருந்து தெற்கே திரும்பிக் குடுமியான்மலை, பிறகு வேறு சாலை வழியே இருபது கிலோமீட்டர் நகருக்கு. ஐந்தரைக்குப் புறப்பட்டால் வழியில் திருவேங்கைவாசல் வியாக்ரபுரீஸ்வரர் கோயிலுக்கு ஒரு கிளை விலகி வரலாம்.

சித்தன்னவாசலில் பார்க்க இரண்டு இடங்கள், ஒரே குன்றின் வெவ்வேறு பக்கங்களில். வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டம் ஏறிவிட வேண்டும். பாறைச் சரிவில் வெட்டிய படிப் பள்ளங்கள் வழியே போனால் குகைக்குள் பதினேழு கற்படுக்கைகள். மெருகேற்றிய பாறை, தலைமாட்டில் தலையணைபோலச் சற்று உயர்த்திய கல். சமண முனிவர்கள் தவம் செய்த இடம். பெரிய படுக்கையின் ஓரத்தில் கிறிஸ்துவுக்கு முந்தைய தமிழி எழுத்து. ஒரு பக்கம் பள்ளம் என்பதால் கைப்பிடிக் கம்பியை விட்டு விலகக் கூடாது. பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இடமான அறிவர் கோயில் சிறியது. உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். பிறகு அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் தாமரைக் குளம் விரியும். தாமரை, அல்லி, மீன், அன்னம், எருமை, யானை. நடுவே பூப்பறிக்கும் ஆண்கள், ஒருவர் தோளில் தண்டோடு தாமரை. தூண்களில் நடனப் பெண்களின் கோட்டுருவம், முடி தரித்த ஓர் உருவம். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் கோயிலைப் புதுப்பித்ததை வாசலருகே உள்ள தமிழ்ச் செய்யுள் கல்வெட்டு சொல்கிறது. சுதையின் மேல் பூசிய நிறம். மூச்சின் ஈரமும் விரலின் எண்ணெயும் பட்டுப் பட்டே நிறைய போய்விட்டது. தொடாமல், கூட்டமாக நுழையாமல், முறை வைத்துப் பார்ப்பது பார்ப்பவர்களின் கடமை. கருவறையில் மெல்ல ஓங்காரம் இட்டால் அறை முழுவதும் அதிரும். கேட்டால் காவலர் செய்து காட்டுவார்.

குன்றைச் சுற்றியுள்ள வெளியில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் உண்டு. புதருக்கு நடுவே வட்டமாகப் பதிந்த கற்களைக் கண்டால் அது ஈமச்சின்னம் என்று அறிந்து, சைக்கிளை அதன்மேல் ஏற்றாமல் விலக்கி ஓட்ட வேண்டும்.

அன்னவாசலில் காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பலாம். குடுமியான்மலை வரை சாலையில் வண்டிகள் குறைவு. வேளாண் கல்லூரியும் விதைப்பண்ணையும் உள்ள பசுமையான பகுதி. பாறையும் அதன் உச்சி வரிசையில் செதுக்கிய அறுபத்து மூவரும் தொலைவிலேயே தெரியும். சிகாநாதர் கோயில் முன்மண்டபத்துத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள் அணிவகுத்து நிற்கின்றன. பத்துத்தலை இராவணன், ரதி, மன்மதன், குதிரை வீரர்கள்.

இசை தெரிந்தவர்களுக்கு இந்தத் தடத்தின் உச்சம் பின்புறம் இருக்கிறது. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்துக்கு, 7-ஆம் நூற்றாண்டின் பல்லவ கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை மட்டுமே வெட்டி வைத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு வரிகள், ஏழு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு பண்டைய ராகத்துக்குரியது. ருத்ராச்சாரியாரின் சீடனான ஓர் அரசன், மாணவர்களுக்காக இதைச் செய்தான் என்று கல்லே சொல்கிறது. பாடம் எழுதிய பலகை 1,300 ஆண்டுகளாக வெயிலில் நிற்கிறது. காலைச் சாய்வொளியில் எழுத்து துலங்கும். நடுப்பகலில் மங்கிவிடும். எனவே பதினொன்றுக்குள் இங்கே வந்துவிடுமாறு நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும் இருபது கிலோமீட்டரை வெயிலில் மிதிக்க முடியாதவர்கள் கோயில் நிழலில் இருந்துவிட்டு மூன்றரைக்கு மேல் புறப்படலாம்.

வடக்கே: நார்த்தாமலை

17 கிலோமீட்டர். திருச்சி நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் வேகமாக ஓடும். சாலையின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல் இந்தத் தடத்தில் இறங்கக் கூடாது. அதற்குத் துணிவில்லாதவர்கள் பஸ்ஸில் போய் நடந்தே பார்க்கலாம். உண்மையில் இது நடைத்தடம்.

முத்துமாரியம்மன் கோயில் உள்ள ஊரைத் தாண்டி மேலமலை அடிவாரத்தில் வண்டியைப் பூட்டிவிட வேண்டும். வெறும் பாறைச் சரிவில் இருபது நிமிட நடை. மழை நாளில் வழுக்கும், அன்று ஏறவே வேண்டாம். மேலே சமமான வெளியில் மேற்குப் பார்த்து நிற்கிறது விஜயாலய சோழீஸ்வரம். வெளியே சதுரம், உள்ளே வட்டமான கருவறை. இப்படி அமைந்த கற்றளிகள் தமிழகத்தில் அரிது. சாத்தன் பூதி கட்டியதாகவும், மழையால் சிதைந்ததை மல்லன் விதுமன் புதுப்பித்ததாகவும் கல்வெட்டு கூறுகிறது. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களில் ஆறு நிற்கின்றன.

எதிரே இரண்டு குடைவரைகள். பழியிலி ஈஸ்வரம் நிருபதுங்க பல்லவன் காலத்தது. அடுத்தது சமணர் குடகு. பெயர் அப்படி இருந்தாலும் உள்ளே இருப்பவை பன்னிரண்டு திருமால் உருவங்கள். ஒன்றுபோலவே தோன்றும் அவற்றின் முகங்களையும் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால், ஒரே வேலையைப் பன்னிரண்டு முறை செய்த உளியின் கை எங்கே இளகியது என்று தெரியும். முன்னுள்ள அடித்தளத்தில் யானையும் யாளியும் வரிசையாக ஓடுகின்றன, அதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

மேற்கு நோக்கிய கோயில் என்பதால் மாலை ஒளி அழகு. ஆனால் இருட்டில் பாறையிறங்குவது ஆபத்து. கதிர் சாய்வதற்கு முக்கால் மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்.

தெற்கே: திருமயம்

காரைக்குடி சாலையில் 20 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி உண்டு. 1687-இல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை இது. தலைவர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுவே. கோட்டை உச்சியில் பீரங்கி நிற்கிறது. ஏறும் வழியில் செங்குத்துப் பாறை நடுவே குடைந்த சிறு அறைக்கு இரும்பு ஏணி போகிறது. அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அருகருகே குடைவரைகள். இரு கோயில்களுக்கும் நெடுநாள் இருந்த வழக்கை 1245-இல் ஒய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் தீர்த்துவைத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். எனவே காலையில் முதலில் கோயில்கள், பிறகு கோட்டை.

இரண்டு நாளில் என்றால்

சனிக்கிழமை காலை நகர நடையும் திருக்கோகர்ணமும். மாலை நாலு மணிக்கு மேல் பொற்பனைக்கோட்டை. ஞாயிறு விடியலில் சித்தன்னவாசல், குடுமியான்மலைச் சுற்று. மூன்றாவது நாள் கிடைப்பவர்கள் காலையில் பஸ்ஸில் திருமயம் போய்வந்து, மதியம் இளைப்பாறி, மாலை நார்த்தாமலை ஏறலாம். அன்று இரவே திருச்சிப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு நார்த்தாமலை விலக்கிலேயே பஸ் கிடைக்கும். சைக்கிளோடு இருப்பவர்கள் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.